பிரேக்குக்கு எண்ணெய் போட்டவன்

கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலி கோவணத்தைக் கடிக்கிறது என்று பூனை. பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு. பசுவுக்குப் புல் வேண்டுமென்று நிலம். நிலத்தையும் பசுவையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண். கடைசியில் சாமியாருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அந்தச் சாமியார் ஆய்க்குடியில் பிறந்து, பி.காம். படித்து, முப்பத்தெட்டாவது வயதில் ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தால் அவர் நான்தான். ஒரே வித்தியாசம், எனக்குக் கல்யாணம் முதலிலேயே ஆகிவிட்டது. பூனையும் பசுவும் அப்புறம் வந்தன.

ஆய்க்குடி என்றால் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலும் படிப்பாயசமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். உள்ளூர்க்காரனுக்கு ஞாபகம் வருவது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரு காற்று அடிக்கும் பாருங்கள்... சைக்கிளில் மேற்கே குற்றாலம் பக்கம் போனால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது அதே ஆள் முதுகில் கை வைத்துத் தள்ளுவார். இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிறவன் போகும்போது தன்னை நொந்துகொள்வான், வரும்போது தன்னைச் சாம்பியன் என்று நினைத்துக்கொள்வான். நான் வரும்போது எடுத்த முடிவுதான் அந்தப் போட்டி.

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்து மண் பாதையில், சைக்கிள் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்னப் போட்டி. 24 கிலோமீட்டர். என்னை மாதிரி ஆபீஸ் ஆசாமிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டேன். கையில் இருந்தது 18,500 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிள். 21 கியர், 27.5 இஞ்ச் சக்கரம், கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்.

விஷயத்தைப் பெங்களூரில் இருக்கும் மச்சினனிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"என்ன அத்தான், இன்னுமா முன்னாடி மூணு பல்சக்கரம் வச்சு ஓட்டுதீங்க? உலகமே ஒன் பை லெவனுக்குப் போயிருச்சு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி பதினொண்ணு. அதான் ரேஸ் வண்டி!"

அவன் சொன்னதில் பொய் இல்லை. 2012-ல் ஸ்ராம் கம்பெனி முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்பக்கம் பதினொன்று என்று மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நானும் வந்தேன். 'ஒரு கியர் செட்தானே, மாற்றிவிட்டால் போச்சு' என்று.

இங்கேதான் பூனை உள்ளே வருகிறது.

என் சைக்கிளில் இருந்த ஏழு பல்சக்கரமும் ஃப்ரீவீல் வகை. திருகு மூடி மாதிரி ஹப்பின் மேல் திருகி ஏற்றுவது. பதினொன்று பல்சக்கரம் அதில் ஏறாது. அதற்கு வேறு வகை ஹப். ஹப் மாறினால் சக்கரத்தைப் பிரித்து, புது போக்ஸ் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். கட்டுகிறதே கட்டுகிறோம், ரிம்மும் நல்லதாக இருக்கட்டுமே! புது ரிம்மில் டியூப் மூக்கு நுழையும் ஓட்டை சின்னது, அதனால் ஒல்லி மூக்கு டியூப். செயின் சன்னமானது. அதைத் தூக்கிப் போடும் கை, கையைக் கட்டளையிடும் லீவர், முன்பக்கக் கிராங்க்... ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. மொத்தம் 26,400 ரூபாய்.

ஒல்லி மூக்கு டியூபோடு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இந்த மூக்கு நம்ம பம்புல ஏறாது."

"இது ரேஸ் மூக்குப்பா."

"அப்ப ரேஸ் நடக்கற இடத்துலதான் சார் காத்து பிடிக்கணும்."

அவன் மேல் தப்பில்லை. நம் ஊர்ப் பம்புக்குத் தெரிந்தது வால் டியூப் மாட்டிய பழைய மூக்கும், பைக், காரின் தடித்த மூக்கும்தான். ஒல்லி மூக்குக்குப் பித்தளையில் ஒரு குட்டித் தொப்பி விற்கிறார்கள். அதை மாட்டினால் பைக்குக்குக் காற்றடிக்கிற பம்பு இதற்கும் வேலை செய்யும். அதையும் வாங்கினேன்.

அடுத்து எடைக் குறைப்பு. லேசான ஹேண்டில்பார், 1,900 ரூபாய், 90 கிராம் குறைந்தது. லேசான சீட் கம்பி, 3,300 ரூபாய், 110 கிராம் குறைந்தது. ஆக 200 கிராமுக்கு 5,200. கிராமுக்கு 26 ரூபாய். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு வராதா? வந்தது. ஆனால் பிரானூர் பார்டரில் புரோட்டாவை நிறுத்தினால் மூன்று கிலோ இலவசமாகக் குறையும் என்ற கணக்கு மட்டும் வரவில்லை. அந்த வாசனைக்கு முன்னால் எந்தக் கணக்கும் நிற்காது சார்.

எடை வெறியில் இன்னொன்றும் செய்தேன். சைக்கிள் மணியைக் கழற்றினேன். 60 கிராம். கிராமுக்கு 26 வீதம் 1,560 ரூபாய் லாபம் என்று சம்சாரத்திடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் ஜெர்சி, கையுறை, ஹெல்மெட் என்று 3,900. சைக்கிள் விலையும் சேர்த்து ஆக மொத்தம் 54,000.

இதில் பிரேக்குக்கு என்று செலவு செய்தது எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். பின்னே? வேகமாகப் போகத்தானே போட்டி! நிற்கிறதற்கு யாராவது பரிசு கொடுப்பார்களா?

* * *

சாரல் ஆரம்பித்ததும் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. தெரு முனையில் பிடித்தால் வீட்டில் சம்சாரம் இட்லி எடுத்து வைத்துவிடுவாள், அவ்வளவு சத்தம்.

நம் வீடுகளில் எது கீச்சிட்டாலும் ஒரே மருந்துதான். கதவா, எண்ணெய். தொட்டில் கொக்கியா, எண்ணெய். சனிக்கிழமை ராத்திரி தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு, இரண்டு டிஸ்கிலும் பக்தியோடு பூசித் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, கிருத்திகை வேறு. பண்பொழி திருமலைக் கோயிலுக்குக் கிளம்பினேன். குன்றின் மேலே குமாரசுவாமி. படியிலும் ஏறலாம், வளைந்து வளைந்து போகும் வண்டிப் பாதையும் உண்டு. போட்டிக்குப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊரிலிருந்து அடிவாரம் வரை எதிர்க்காற்று. அதனால் ஒருமுறைகூட அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. புது கியரில் மூச்சிரைக்க ஏறினேன். சாமி கும்பிட்டேன். திருநீறு பூசிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தேன்.

லீவர் வந்தது. சைக்கிள் நிற்கவில்லை.

இன்னும் அழுத்தினேன். கைப்பிடியைத் தொடுகிற வரை அழுத்தினேன். சத்தமில்லாமல், நான் ஆசைப்பட்டபடியே துளிச் சத்தமில்லாமல், சைக்கிள் வேகமெடுத்தது. இரண்டாவது வளைவு தாண்டியதும் நடு ரோட்டில் ஒரு பாட்டி. இடுப்பில் ஒரு பையன், மூன்று வயசிருக்கும். பின்னால் தாம்பாளத்தோடு ஒரு பெண். மூவரும் பேசிக்கொண்டே ஏறி வருகிறார்கள். கட்டை விரல் தானாக மணியைத் தேடியது. மணி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"ஒதுங்குங்க!" என்று கத்தியதாக ஞாபகம். அந்தக் காற்றில் அது எனக்கே கேட்கவில்லை. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலையை ஒட்டிய ஓடை. இடது பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது பாட்டி என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. ஹெல்மெட்டில் ஒரு விரிசல். அந்த விரிசல் என் மண்டையில் விழுந்திருக்க வேண்டியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டி என் நெற்றியில் திருநீறை இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு மணியாவது அடிச்சிருக்கக் கூடாதாய்யா?"

என் 54,000 ரூபாய்க்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இப்போதும் சில ராத்திரிகளில் அந்தப் பையனின் கால் சட்டை கலர் ஞாபகம் வருகிறது. பச்சை. அப்புறம் தூக்கம் வருவதில்லை.

* * *

தொட்டில் கட்டிய கையோடு சைக்கிளை ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பிரேக் பேடைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தம்பி, என்ன இது தையல் மிஷின் வாசம் அடிக்குது?"

"கீச்சுன்னு சத்தம் வந்துச்சு அண்ணாச்சி..."

"சத்தம் வந்தா தட்டு நனைஞ்சிருக்கு, இல்ல அழுக்கா இருக்குன்னு அர்த்தம். தொடைச்சிட்டு ரெண்டு தரம் புடிச்சா போயிரும். ஓடுற சாமானுக்குத்தான் எண்ணெய் போடணும் தம்பி. நிப்பாட்டுற சாமானுக்குமா போடுவாக?"

பேடு எண்ணெயைப் பஞ்சு மாதிரி குடித்துவிடும். அப்புறம் தேய்த்தாலும் காய்ச்சினாலும் பழைய பிடிப்பு வராது, மாற்ற வேண்டியதுதான். தட்டை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காப்பாற்றலாம். இரண்டு ஜோடி பேடும் கூலியும் சேர்த்து 640 ரூபாய். இதை முன்பே செய்திருந்தால் ஆறு வாரம் ஒரு கையால் கம்ப்யூட்டரில் வவுச்சர் போட்டிருக்க வேண்டாம்.

அந்த ஆறு வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சரித்திரம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், மரின் கவுண்டி. 1976 அக்டோபர் 21-ம் தேதி அங்கே ஒரு மலைச் சரிவில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் பிரேக், பின் சக்கரத்து ஹப்புக்குள்ளேயே இருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி என்று இன்று மலைச் சைக்கிள் உலகம் கும்பிடும் பெயர்களெல்லாம் அந்த வட்டாரத்திலிருந்து வந்தவைதான். இருபதே வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், அந்த விளையாட்டு ஒலிம்பிக்ஸுக்குப் போய்விட்டது. ஆக, இந்த விளையாட்டின் முதல் பந்தயமே பிரேக்கின் பெயரில்தான் இருக்கிறது. நான்தான் அதைப் படிக்காமல் கியர் வாங்கினவன்.

கிரீஸ் ஏன் புகைந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. நானும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ. 100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், பெரும்பகுதி பிரேக்கில் சூடாக வரும். அந்தச் சூட்டில் இரண்டு டம்ளர் காபிக்கு வெந்நீர் போடலாம். அவ்வளவு சூட்டையும் வாங்கிக்கொள்வது கட்டைவிரல் அகலப் பேடுகளும் இரண்டு தகர வட்டங்களும். அவற்றை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கியர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரியட்டும். பழைய சைக்கிளில் ஏற்றத்துக்கான கடைசி கியர் முன்னால் 24 பல், பின்னால் 34 பல். ஒரு மிதிக்குப் பின் சக்கரம் 0.71 சுற்று. 26,400 செலவழித்த புது கியரில் முன்னால் 32, பின்னால் 46. வகுத்துப் பாருங்கள். 0.70 சுற்று! முன்பக்கம் செயின் கழன்று விழும் தொல்லை குறைந்தது, ஒரே லீவரில் வேலை முடிந்தது, அது உண்மை. ஆனால் மலை எனக்காக ஒரு இஞ்சுகூடக் குனியவில்லை.

* * *

இந்தக் கதையை ஆபீஸில் சொன்னதிலிருந்து, "சார், நான் ஒரு மலைச் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்..." என்று தினம் ஒருவர் வருகிறார். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிந்து கற்றது, ஓசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பெயிண்டைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு இஞ்சாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஃப்ரேம் அளவு தப்பினால் அப்புறம் எந்தச் சாமானை மாற்றியும் பிரயோஜனமில்லை.

பின் ஹப் எந்த வகை என்று கேளுங்கள். திருகி ஏற்றும் ஃப்ரீவீலா, காடியில் செருகும் காசெட்டா? பின்னால் கியர் மாற்றும் ஆசை இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது காசெட் வகையாக வாங்கிவிடுங்கள். பூனை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆசை இல்லையென்றால் ஃப்ரீவீலே போதும், உழைக்கும்.

சக்கரம் 27.5 இஞ்சா, 29-ஆ என்று சண்டை போடாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் 29 இஞ்சில் ஓட்டிய செக் வீரர் குல்ஹவிக்குத் தங்கம், 27.5-ல் ஓட்டிய சுவிஸ் வீரர் ஷுர்ட்டருக்கு வெள்ளி. நடுவே இருந்தது 1 நொடி. அந்த 1 நொடி நமக்கு மூக்கு சிந்தும் நேரம். அதுவுமில்லாமல், 29 இஞ்ச் என்று பீற்றிக்கொள்ளும் சக்கரத்தின் ரிம் 622 மில்லிமீட்டர். தாத்தா ஓட்டிய 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் 635. தாத்தா எப்பவோ ஜெயிச்சாச்சு.

காசு செலவழிப்பதென்றால் முதலில் ஹெல்மெட், அடுத்து பிரேக். ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால் அதற்குள் இருக்கும் எண்ணெய் எந்த ஜாதி என்று கேளுங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் வாஷர்கள் கெட்டுப்போகும். புதுப் பேடு போட்டதும் மலைக்கு ஓடாதீர்கள். சமதரையில் வேகமெடுத்து மெதுவாக்கி, ஒரு இருபது தடவை பிடித்துப் பிடித்துப் பேடைத் தட்டோடு பழக்குங்கள். புது மாட்டை ஏரில் பழக்குகிற மாதிரி.

மூன்றாவது டயர், அதைவிட அதில் உள்ள காற்று. நான் கல் மாதிரி அடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கூழாங்கல்லும் என்னைத் தூக்கிப் போட்டது. 2.2 இஞ்ச் டயருக்கு, என் 85 கிலோவுக்கு, டியூபோடு 30 பி.எஸ்.ஐ. சுற்றளவு போதும் என்று அப்புறம்தான் தெரிந்தது. காற்றை இறக்கியதும் டயர் மண்ணைப் பிடித்தது. உலகத்திலேயே காசில்லாத ஒரே அப்கிரேடு அதுதான்.

கியர், எடைக் குறைப்பு எல்லாம் கடைசி. இருக்கிறது தேய்ந்து ரிப்பேர் ஆகட்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

மணியைக் கழற்றாதீர்கள்.

* * *

அந்த வருஷப் போட்டி போச்சு. மறு வருஷம் அதே ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். ஆபீஸ் ஆசாமிகள் பிரிவில் 41 பேர். நான் 29-வது. மணியோடு வந்தவன் நான் ஒருவன்தான். சிரித்தார்கள்.

ஆனால் இறக்கத்தில் நாலு பேரைத் தாண்டினேன். ஏற்றத்தில் என்னை மூச்சுவிடாமல் தாண்டிப் போனவர்கள் அவர்கள். இறக்கத்தில் பயந்து பயந்து, கால் மைலுக்கு முன்னாலிருந்தே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். எனக்கோ வளைவு வரும்வரை விடலாம், வந்ததும் பிடித்தால் பிடிக்கும் என்று தெரியும். நிற்க முடியும் என்று தெரிந்தவனால்தான் வேகமாகப் போக முடிகிறது. 640 ரூபாய்ச் சாமான் எனக்கு நாலு இடம் வாங்கிக் கொடுத்தது. 26,400 ரூபாய்ச் சாமான் ஒரு இடமாவது வாங்கியதா என்று இன்றுவரை கணக்கு டாலி ஆகவில்லை.

இப்போது வீட்டில் இன்னொரு போட்டிக்காரி உருவாகிவிட்டாள். அண்ணன் மகள், எட்டாவது படிக்கிறாள். அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி வைக்கிறதல்லவா, அதற்குப் பெயர் கொடுத்தாள். 15 வயதுக்குட்பட்ட பெண்கள், 15 கிலோமீட்டர்.

"சித்தப்பா, உங்க லீவரு, கியரெல்லாம் என் சைக்கிள்ல மாட்டித் தாங்க!"

விதியைப் படித்தேன். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும், கியர் சைக்கிள் கூடாது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, அவர் வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருக்க வேண்டும். எத்தனை அப்பாக்களின் பி.எஃப். பணத்தைக் காப்பாற்றியிருக்கிறாரோ!

சீட்டை அவள் உயரத்துக்கு ஏற்றினேன். செயினுக்கு மட்டும் எண்ணெய் விட்டேன். பிரேக் கட்டை நாலையும் மாற்றினேன், 60 ரூபாய். மணியை நானே இறுக்கிக் கொடுத்தேன்.

முதல் பரிசு 5,000 ரூபாய். இவள் ஏழாவதாக வந்தாள். நாலாவதிலிருந்து பத்தாவது வரை ஆளுக்கு 250 ரூபாய். சித்தப்பாவின் முதலீடு 60, வரவு 250. சுத்த லாபம் 190 ரூபாய். நான் இத்தனை வருஷத்தில் சைக்கிளில் பார்த்த ஒரே லாபம்.

"சித்தப்பா, அடுத்த வருஷத்துக்கு இந்த 250-ல என்ன சாமான் வாங்கலாம்?"

உள்ளேயிருந்து சம்சாரத்தின் குரல் வந்தது.

"பூனை வந்துட்டுது. கதவைச் சாத்துங்க!"